ஆலிஸ் சாலமன் அம்மையார்: தொண்டைக் கல்வியாக்கிய பெருமாட்டி

பசித்தவருக்கு உணவளிக்கவும் துயருற்றவருக்குத் துணைநிற்கவும் ஒருவர் கல்லூரி சென்று பட்டம் பெற வேண்டுமா என்று கேட்போர் உளர். இரக்கமுள்ள நெஞ்சம் ஒன்றே போதும் என்பது அவர்தம் எண்ணம். போதாது என்று கூறியதோடு நில்லாமல், அதற்கெனப் பள்ளி நிறுவிப் பாடத்திட்டம் வகுத்து, பல நாட்டுப் பள்ளிகளையும் ஓர் அமைப்பின்கீழ்க் கொணர்ந்தவர் ஜெர்மனி நாட்டு ஆலிஸ் சாலமன் அம்மையார். சமூகப்பணிக் கல்வியின் வரலாற்றைப் படிப்போர் எந்நாட்டினராயினும் அவர் பெயரைக் கடந்து செல்ல இயலாது. கல்வி மறுக்கப்பட்டும், பிறப்பின் பெயரால் இழிவு சுமத்தப்பட்டும் தளராது நின்ற அவருடைய வாழ்க்கை, கல்வியையே நோக்கமாகக் கொண்ட நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இடம்பெறுதல் பொருத்தமுடையது எனக் கருதுகிறேன்.

கதவடைத்த கல்வி

1872ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 19ஆம் நாள் பெர்லின் மாநகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஆலிஸ் பிறந்தார். தந்தையார் தோல் வணிகர், வசதி படைத்தவர். ஆயினும் அக்காலத்தில் பெண்களுக்கெனக் கிடைத்த பள்ளிக் கல்வி சில ஆண்டுகளே. ஆலிஸின் பதினான்காம் வயதில் தந்தையார் மறைந்தார். ஆசிரியராக வேண்டும் என்னும் அவரது ஆவலுக்குக் குடும்பத்தார் இசையவில்லை. வசதியுள்ள வீட்டுப் பெண் வேலைக்குச் செல்லுதல் குடும்ப மதிப்புக்குக் குறைவு எனக் கருதப்பட்ட காலம் அது. திருமணம் ஒன்றையே எதிர்நோக்கி, தையலும் இசையுமாக நாளைக் கழித்தலே அவருக்கு விதிக்கப்பட்ட வாழ்வாயிற்று. உண்ண உணவும் உடுக்க உடையும் குறைவின்றி இருந்தும், பயனற்றுக் கழியும் நாட்கள் அவருக்குப் பெருஞ்சுமையாக இருந்தன.

1893ஆம் ஆண்டு, அவருடைய இருபத்தோராம் வயதில் ஒரு வழி திறந்தது. பெர்லினில் சமூக உதவிப் பணிக்காகப் பெண்களின் குழுக்கள் தொடங்கப்பெற்றன. ஆலிஸ் அவற்றில் சேர்ந்தார். குழந்தைகள் காப்பகங்களிலும் ஏழை எளியோர் வாழும் பகுதிகளிலும் பணியாற்றினார். தாம் உண்மையில் வாழத் தொடங்கியது அந்நாளிலிருந்துதான் எனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். குழுவின் தலைவியாக விளங்கிய ஜனெட் ஷ்வெரின் அம்மையார் 1899இல் மறையவே, தலைமைப் பொறுப்பு ஆலிஸை வந்தடைந்தது.

இரக்கத்திலிருந்து அறிவுக்கு

பணியில் இறங்கிய சில ஆண்டுகளிலேயே ஓர் உண்மையை அவர் கண்டுகொண்டார். வீடு தேடிச் சென்று ரொட்டியும் துணியும் கொடுத்துத் திரும்பும் செல்வர் வீட்டுப் பெண்கள், கொடுத்த மகிழ்ச்சியோடு திரும்பினரே அன்றி, அந்த வீடு ஏன் வறுமையில் ஆழ்ந்தது என்று எண்ணிப் பார்த்தாரில்லை. கூலி ஏன் குறைந்தது, நோய் ஏன் பரவிற்று, அக்குடும்பத்துக்குச் சட்டம் எந்த உரிமையை வழங்குகிறது என்பனவற்றை அவர்கள் அறியார். அறியாதவர் செய்யும் உதவி அடுத்த நாளே தீர்ந்துபோகும். சில வேளைகளில் பெறுபவரின் தன்மதிப்பையும் கெடுத்துவிடும். உதவி என்பது பிச்சையன்று. சமுதாயம் தன் உறுப்பினர்க்குத் தீர்க்க வேண்டிய கடன் என்பது அம்மையாரின் உறுதியான கொள்கை. அக்கடனை முறையாகத் தீர்க்கப் பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்து, 1899ஆம் ஆண்டில் ஓராண்டுப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்.

பிறருக்குக் கற்பிக்க முனைந்தவர் தாமும் கற்க விழைந்தார். ஆனால் பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கு வேண்டிய பள்ளியிறுதித் தேர்வு அவரிடம் இல்லை. பெண்கள் முறைப்படி மாணவராகப் பதிவு பெறவும் பிரஷ்ய அரசு அப்போது இசையவில்லை. ஆயினும் தாம் எழுதி வெளியிட்ட கட்டுரைகளின் வலிமையால் தனி அனுமதி பெற்று, 1902 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். ஒரே வகையான உழைப்புக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என ஏற்றத்தாழ்வு ஏற்படுவதன் காரணங்களை ஆராய்ந்து 1906இல் டாக்டர் பட்டம் பெற்றார். பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாத ஒருவர் பல்கலைக்கழகத்தின் உயர்பட்டம் பெற்றார் என்பதை நம் இளைஞர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். நடத்தற்கு அமைந்த பாதை இல்லாதபோது, அவர் நடந்தே பாதையை உண்டாக்கினார்.

பள்ளி எழுந்தது

1908ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பெர்லினின் ஷோனெபெர்க் பகுதியில் பெண்களுக்கான சமூகப்பணிப் பள்ளியை அம்மையார் தொடங்கினார். பிரஷ்யப் பல்கலைக்கழகங்களின் கதவுகள் பெண்களுக்கு முறைப்படி திறந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டாண்டுப் படிப்பு, பொருளாதாரம், குடிமையியல், சட்டம், நலவாழ்வு, குழந்தை வளர்ப்பு ஆகியவை பாடங்கள். வகுப்பறைப் பாடத்தோடு களப்பணியும் இணைந்தே நடைபெற்றது. ஏட்டறிவும் பட்டறிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்பது அவர் வகுத்த இலக்கணம். சமூகப்பணி மாணவர் இன்றும் வகுப்பில் சில நாட்களும் களத்தில் சில நாட்களுமாகப் பயில்வது இதே நெறியைப் பின்பற்றியதாகும்.

அமெரிக்காவில் மேரி ரிச்மண்ட் அம்மையார் 1917இல் வெளியிட்ட நூலின் வழியைத் தழுவி, 1926இல் சமூக நோயறிதல் பற்றி ஒரு நூல் எழுதினார். மருத்துவர் நாடி பார்த்து நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து தருவதுபோல், சமூகப் பணியாளரும் ஒரு குடும்பத்தின் நிலையைக் கேட்டும் கண்டும் ஆராய்ந்த பின்னரே உதவியைத் திட்டமிடல் வேண்டும் என்பது அதன் சாரம். 1925இல் உயர்நிலைப் பயிற்சிக்காகப் பெண்களுக்கான கழகம் ஒன்றையும் நிறுவினார். அடிப்படைப் பயிற்சி முடித்துப் பணியில் உள்ளோர் மேற்கல்வியும் ஆராய்ச்சியும் மேற்கொள்ள அது இடமளித்தது.

நாடுகளை இணைத்தவர்

துயரத்துக்கு எல்லைக்கோடு இல்லை. ஆதலின் துயர் துடைக்கும் அறிவும் ஒரு நாட்டுக்குள் அடங்கியிருத்தல் ஆகாது என்பதை அம்மையார் உணர்ந்திருந்தார். 1909 முதல் அனைத்துலகப் பெண்கள் மன்றத்தில் பொறுப்பேற்று உழைத்தார். 1928இல் பாரிஸ் நகரில் 42 நாடுகளிலிருந்து பேராளர்கள் கூடிய முதல் அனைத்துலகச் சமூகப்பணி மாநாடு நடைபெற்றது. அதன் பயனாக 1929இல் சமூகப்பணிப் பள்ளிகளின் அனைத்துலகக் குழு உருவாயிற்று. அதன் முதல் தலைவர் ஆலிஸ் சாலமன். அதுவே இன்று சமூகப்பணிப் பள்ளிகளின் அனைத்துலகச் சங்கமாக வளர்ந்து நிற்கிறது. பல நாட்டுப் பள்ளிகளையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1937இல் வெளிவந்தது.

பிறப்பு துரத்திய கதை

இத்துணைப் பெருமை பெற்றவரையும் பிறப்பு என்னும் முத்திரை விடவில்லை. 1914இல் அவர் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். ஆயினும் 1920இல் ஜெர்மன் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்கத் தகுதியுடையவராயிருந்தும், யூதப் பெயருடைய ஒருவரை நாடு ஏற்காது என்னும் அச்சத்தால் அவர் ஒதுக்கப்பட்டார். அவரும் அதன் நிருவாகக் குழுவிலிருந்து விலகினார். மதம் மாறியும் மாறாத முத்திரை எத்தகையது என்பதை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1932இல் அவரது அறுபதாம் பிறந்தநாளை நாடே கொண்டாடிற்று. பிரஷ்ய அரசு பதக்கம் வழங்கிற்று; பெர்லின் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது; அவர் நிறுவிய பள்ளிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. ஓராண்டும் நிறைவதற்குள் காட்சி மாறிற்று. 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். அம்மையார் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்பட்டார். உயர்கல்விக் கழகத்தில் பணியாற்றிய யூதர்களை வெளியேற்றியாக வேண்டும் என்னும் நிலை நெருங்கியது. சிலரைப் பலிகொடுத்து நிறுவனத்தைக் காப்பதா, நிறுவனத்தையே துறந்து நேர்மையைக் காப்பதா என்னும் வினா எழுந்தது. தாம் பெற்று வளர்த்த கழகத்தைத் தாமே கலைத்தார். நிறுவனம் நடத்தும் நம் போன்றோர் பன்முறை எண்ணிப் பார்க்க வேண்டிய செயல் இது.

அதன் பின்னரும் நான்கு ஆண்டுகள் பெர்லினிலேயே தங்கி, நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவர்களுக்கு உதவும் பணியில் ஈடுபட்டார். 1937இல் இரகசியக் காவலர் அவரை அழைத்து விசாரித்து, மூன்று வாரங்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற ஆணையிட்டனர். அறுபத்தைந்தாம் வயதில், அகதிகளுக்கு உதவியவர் தாமே அகதியாகி நியூயார்க் சேர்ந்தார். 1939இல் அவருடைய குடியுரிமையும் டாக்டர் பட்டங்களும் பறிக்கப்பட்டன. 1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். வாழ்நாளில் அதை வெளியிடுவார் இல்லை. 1948 ஆகஸ்ட் 30ஆம் நாள் நியூயார்க்கில் தனிமையில் உயிர்நீத்தார். இறுதி ஊர்வலத்தில் ஒரு சிலரே உடனிருந்தனர். அவ்வரலாற்று நூல் ஜெர்மன் மொழியில் அச்சேறியது 1983இல்தான். பட்டத்தைப் பறித்த ஆட்சி 1945இலேயே வீழ்ந்தது. அவர் நிறுவிய பள்ளியோ இன்று அவர் பெயர் தாங்கிய உயர்கல்வி நிறுவனமாகப் பெர்லினில் நின்று நிலவுகிறது.

நமக்குரிய பாடம்

இன்று உலகெங்கும் முதுகலை நிலையில் சமூகப்பணியும் மனிதநேய உதவிப் பணியும் கற்பிக்கப்படுகின்றன. ஏதிலியர் உரிமை பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை, இழப்பைக் கணக்கெடுக்கும் முறை, முகாம் அமைத்தல், வரவுசெலவு, மொழி முதலியவற்றை மாணவர் பயில்கின்றனர். முகாமில் தங்குவோர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். 20 பேருக்கு ஒரு கழிப்பிடமேனும் வேண்டும் என்பன போன்ற அளவுகள் அனைத்துலக அளவில் வகுக்கப்பட்டுள்ளன. இரக்கம் மட்டும் உடையவர் தண்ணீர் கொடுப்பார். பயிற்சி பெற்றவர் தண்ணீர் எல்லோருக்கும் போதுமா, எந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை என்று கணக்குப் பார்ப்பார்.

அந்தக் கணக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது கண்டோம். படகும் வலையும் இழந்தோர் பட்டியல் எடுக்கப்பட்டது. மீன்கூடை சுமந்தும் கூலி வேலை செய்தும் பிழைத்த நம் மக்கள் பலருக்குப் படகு இல்லை. ஆதலின் அவர்தம் இழப்பு ஏட்டில் ஏறவில்லை. பிழைப்பை இழந்தவரும் இழந்தவரே என்று எடுத்துரைக்க அந்த ஏட்டைப் பிடித்த கைகளுள் நம்மவர் கைகள் எத்தனை இருந்தன?

நம் நாட்டில் 1936இல் பம்பாயில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் தலைமையில் தொடங்கிய பட்டமேற்படிப்புப் பள்ளியே பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாயிற்று. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சமூகப்பணிப் பள்ளி தோன்றிற்று. எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் முதுகலைச் சமூகப்பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல கல்லூரிகளில் உள்ள நடைமுறை. வெளிநாடு சென்று பயில விழையும் நம் மாணவர்க்கு மைய அரசின் உதவித்தொகைத் திட்டமும் உண்டு. அதன் விதிகளை ஆண்டுதோறும் கேட்டறிதல் நலம். அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றதும் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால்தான் என்பதை நாம் அறிவோம்.

என் பள்ளியில் மேல்நிலைக் கல்வி முடிக்கும் மாணவரை என்ன படிக்கப் போகிறாய் என்று வினவினால், மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பயிற்சி என்று விடை வருகிறது. அவை வேண்டுவனவே. சமூகப்பணி என்று விடை கூறிய மாணவரை நான் இன்னும் கண்டதில்லை. தலைமுறை தலைமுறையாக உதவியைப் பெறும் வரிசையில் நின்ற நாம், அதை வகுத்து வழங்கும் இடத்திலும் அமர வேண்டாமா? பசியை ஏட்டில் படித்தவரினும் வீட்டில் அறிந்தவர், பயிற்சியும் பெற்றுவிடின், அவருக்கு நிகராவார் யார்?

இளைஞர்களே! ஆலிஸ் சாலமன் அம்மையார் செல்வர் வீட்டில் பிறந்து வறியோரின் வாசலுக்கு நடந்து வந்தவர். நாம் அந்த வாசலிலேயே பிறந்தவர்கள். அவர் கற்க வேண்டியிருந்தவற்றுள் பாதியை நாம் முன்னரே அறிவோம். மறுபாதியைக் கல்லூரியில் கற்போம். நம் சங்கத்தின் அடுத்த விழா மலர் வெளிவரும் நாளில், தொலைநாடு ஒன்றில் அகதியர் முகாமில் பணியாற்றும் நம் தெருப் பிள்ளை ஒருவர் அதில் தம் கட்டுரையை எழுதுவாராக!