கைவிட்ட சுரங்கம் உயிர் காத்தது! பாதாள ரெயில் போட்ட கிரேட்ஹெட் வரலாறு
1940-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி, சனிக்கிழமை.

மாலை நேரம். லண்டன் நகரில் அபாயச் சங்கு அலறியது. ஹிட்லரின் விமானங்கள் நூற்றுக்கணக்கில் அணி வகுத்து வந்தன. தேம்ஸ் நதிக்கரையில் இருந்த கப்பல் துறைகளும், சரக்குக் கிட்டங்கிகளும் பற்றி எரிந்தன. அந்தத் தீயே இரவில் வந்த விமானங்களுக்கு வழி காட்டியது.

அது முதல் ஏறத்தாழ இரண்டு மாதம், அநேகமாக ஒவ்வோர் இரவும் லண்டன் மீது குண்டு விழுந்தது.

தேம்ஸ் நதியின் தென்கரையில் சவுத்வார்க் என்று ஒரு பகுதி. பழைய வீடுகளும் கிட்டங்கிகளும் நெருங்கிய இடம். தொழிலாளர் குடும்பங்கள் நிறைய வசித்தன. பெரும்பாலான வீடுகளில் பதுங்கு குழி வெட்டத் தோட்டம் கிடையாது.

அவர்களுக்குத் தெருவுக்கு அடியில் ஓர் இடம் கிடைத்தது. அது 40 ஆண்டுகளாக ரெயில் ஓடாமல் கிடந்த பழைய சுரங்கப்பாதை. இரும்பு வளையங்களால் ஆன இரண்டு நீண்ட குழாய்கள்.

பாய், தலையணை, குழந்தை குட்டிகளோடு மக்கள் அதற்குள் இறங்கினார்கள். அதை அமைத்த மனிதர் இறந்து அப்போது 44 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் பெயர், ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட்.

தென் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்

கிரேட்ஹெட் லண்டன்காரர் அல்ல. தென் ஆப்பிரிக்காவில் உள்ள கிரகாம்ஸ்டவுன் என்ற ஊரில், 1844-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி பிறந்தார். (அந்த ஊரின் பெயர் 2018-ல் மகாண்டா என்று மாற்றப்பட்டது.) அவருடைய தாத்தா 1820-ல் இங்கிலாந்தில் இருந்து அங்கே குடியேறியவர்.

1859-ல், 15 வயதுப் பையனாக, படிப்புக்காக இங்கிலாந்துக்கு வந்தார். 1864-ல் பீட்டர் பார்லோ என்ற பெரிய என்ஜினீயரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் என்ஜினீயர் ஆவதற்கு வழி அதுதான். ஒரு குருவிடம் சேர்ந்து, கூடவே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

பார்லோவின் மனதில் ஒரு யோசனை இருந்தது. தேம்ஸ் நதிக்கு அடியில், வட்டமான சிறு சுரங்கம் ஒன்று தோண்ட வேண்டும் என்பதே அது.

ஆனால் அந்த வேலையை எடுத்துச் செய்யக் காண்டிராக்டர்கள் முன்வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

ஆறு பேரை விழுங்கிய நதி

தேம்ஸ் நதிக்கு அடியில் முதல் சுரங்கத்தைத் தோண்டியவர் மார்க் புரூனல். 1825-ல் வேலை தொடங்கியது. சுரங்கம் திறக்கப்பட்டது 1843-ல்! இடையில் பல தடவை நதி உள்ளே புகுந்தது. 1828-ம் ஆண்டு ஜனவரியில் ஏற்பட்ட வெள்ளத்தில் மட்டும் 6 பேர் மாண்டார்கள். பணம் இல்லாமல் பல ஆண்டுகள் வேலை நின்றே போயிற்று.

இந்தக் கதையை அறிந்தவர்கள் மறுபடியும் நதிக்கு அடியில் கை வைக்கத் தயங்கினார்கள்.

அப்போது துணிந்து முன்வந்தவர் கிரேட்ஹெட். 9,400 பவுண்டுக்கு வேலையை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். அவருக்கு வயது 24!

1869-ல் தோண்டத் தொடங்கினார். லண்டன் கோட்டைக்குப் பக்கத்தில் குழி இறங்கியது. சுமார் 1,340 அடி நீளச் சுரங்கம், ஓர் ஆண்டுக்குள் அக்கரை போய்ச் சேர்ந்தது. புரூனலுக்கு 18 ஆண்டுகள் பிடித்த நதியை, இந்த இளைஞர் ஒரே ஆண்டில் கடந்துவிட்டார். (புரூனலின் சுரங்கம் மிகப் பெரியது, இது சுமார் 7 அடி அகலமே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

உறைகிணறு தெரியுமா?

அவர் எப்படித் தோண்டினார்?

நம் ஊரில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணைத் தோண்டத் தோண்ட, ஒன்றன் மேல் ஒன்றாக உறை இறங்கும். பக்கத்து மண் சரியாமல் உறை தாங்கிக்கொள்ளும். அந்தக் கிணற்றைப் படுக்க வைத்ததாக நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் கிரேட்ஹெட்டின் சுரங்கம்.

முன்னால் ஒரு பெரிய இரும்பு உருளை. இதற்குக் கேடயம் என்று பெயர். போர் வீரனைக் கேடயம் காப்பது போல, உள்ளே நிற்கும் தொழிலாளியை இது மண் சரிவில் இருந்து காக்கும். தொழிலாளி முன்புறம் உள்ள களிமண்ணை வெட்டி எடுப்பார். பிறகு கேடயத்தை முன்னே நெட்டித் தள்ளுவார்கள். பின்னால் கிடைக்கும் இடத்தில், வார்ப்பு இரும்புத் துண்டுகளை மரையாணி போட்டு வளையமாக முடுக்குவார்கள். அந்த வளையத்தின் மீதே உதைத்துக்கொண்டு கேடயம் மறுபடியும் முன்னே போகும்.

வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே சிறிது இடைவெளி விழும். அதை அப்படியே விட்டால் மேலே உள்ள தெரு தாழ்ந்து, வீடுகள் விரிசல் விடும். எனவே சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி இடைவெளியை நிரப்பினார்கள்.

வட்டக் கேடயத்துக்கு முதலில் உரிமை பெற்றவர் குரு பார்லோ. அதை நடைமுறையில் செய்து காட்டி, பின்னால் நீர் அழுத்தத்தால் தள்ளும் கருவிகளும், சுண்ணாம்புக் குழம்பைக் காற்றழுத்தத்தால் செலுத்தும் கருவியும் சேர்த்து, எந்த மண்ணிலும் வேலை செய்யும்படி வளர்த்தவர் சீடர் கிரேட்ஹெட். அதனால்தான் கிரேட்ஹெட் கேடயம் என்ற பெயர் நிலைத்தது. 2017-ல் ஓடத் தொடங்கிய சென்னையின் பாதாள மெட்ரோ ரெயிலுக்குப் பாதை குடைந்தவை ராட்சத எந்திரங்கள். அவையும் இந்தக் கேடயத்தின் பேரப்பிள்ளைகளே.

முதல் சுரங்கம் வியாபாரத்தில் தோற்றது. 12 பேர் உட்காரும் ஒரே ஒரு வண்டியை, நீராவி எந்திரம் கம்பியால் இழுத்தது. அதிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று இரண்டு டிக்கெட்! வண்டி ஒன்றுதான். முதல் வகுப்புக்காரருக்குக் கிடைத்த சலுகை, லிப்டில் முந்தி ஏறலாம் என்பது மட்டுமே. 1870-ம் ஆண்டு ஆகஸ்டில் திறந்த கம்பெனி, அந்த ஆண்டு முடிவதற்குள் நொடித்துப் போயிற்று. அதன் பிறகு அரை பென்னி கொடுத்து மக்கள் அதில் நடந்து போனார்கள்.

ஜன்னல் இல்லாத ரெயில்

அடுத்த பெரிய வேலைக்குக் கிரேட்ஹெட் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1884-ல் பாராளுமன்றம் ஒரு புதிய பாதாள ரெயிலுக்கு அனுமதி வழங்கியது. அந்த ஆண்டுதான் அவருக்குத் திருமணமும் நடந்தது.

1886-ல் வேலை தொடங்கியது. கிங் வில்லியம் ஸ்ட்ரீட் என்ற நிலையத்தில் புறப்பட்டு, தேம்ஸ் நதிக்கு அடியில் நுழைந்து, சவுத்வார்க் வழியாகத் தெற்கே ஸ்டாக்வெல் வரை ரெயில் போக வேண்டும். மூன்று மைலுக்குச் சற்று அதிகம். ஆறு நிலையங்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். தனியார் வீட்டுக்கு அடியில் போனால், வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்கத் தெருவுக்கு அடியிலேயே போனார்கள். தெரு வளைந்தால் சுரங்கமும் வளைந்தது. ஒரு சந்து மிகக் குறுகலாக இருந்ததால், இரண்டு சுரங்கங்களையும் அக்கம்பக்கமாகப் போட முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டார்கள்! நதியைத் தாண்டியதும் கடுமையான வளைவு. கூடவே செங்குத்தான ஏற்றம்.

கம்பி இழுக்கும் வண்டிக்கு இது பெரிய தொல்லை அல்ல. முதலில் கம்பி வண்டி என்றுதான் திட்டம். ஆனால் கம்பி வேலையை ஏற்ற கம்பெனி 1888-ல் நொடித்தது. சுரங்கமோ பாதிக்கு மேல் ஆகிவிட்டது. நீராவி என்ஜின் விட்டால் புகையில் பயணிகள் மூச்சுத் திணறிப் போவார்கள். எனவே அப்போது புதிதாக இருந்த மின்சாரத்தை நம்பினார்கள்.

1890-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். டிசம்பர் 18-ந் தேதி பொதுமக்கள் ஏறினார்கள். ஆழத்தில் மின்சாரத்தால் ஓடிய முதல் பாதாள ரெயில், உலகத்திலேயே இதுதான்.

இரண்டு பென்னி கொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். டிக்கெட் கிடையாது. வாசலில் சுழலும் கதவைத் தாண்டினால் போதும். பாதாளத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று, பெட்டிகளுக்கு ஜன்னலே சரியாக வைக்கவில்லை. நிலையத்தின் பெயரைச் சிப்பந்தி கூவிச் சொல்வார். பஞ்சு மெத்தை அடித்த சிறை அறை என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் 1891-ல் 50 லட்சம் தடவைக்கு மேல் மக்கள் அதில் பயணம் செய்தார்கள்.

கைவிடப்பட்ட பாதை

கூட்டம் பெருகியது. கிங் வில்லியம் ஸ்ட்ரீட் நிலையத்தால் தாங்க முடியவில்லை. வளைவும் ஏற்றமும் ரெயிலைத் திணற அடித்தன. சுரங்கத்தின் உள் அகலம் 10 அடி 2 அங்குலம்தான். நிலையத்தை விரிவாக்க இடம் இல்லை.

முடிவில் வேறு பாதை தோண்டினார்கள். 1900-ம் ஆண்டு பிப்ரவரியில் பழைய பாதையை மூடினார்கள். ஓடியது சுமார் ஒன்பதே ஆண்டுகள்.

அதைப் பார்க்கக் கிரேட்ஹெட் இல்லை. 1896-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி, 52 வயதில், வயிற்றுப் புற்றுநோயால் லண்டனில் காலமானார். அவர் உழைத்த இன்னும் இரண்டு பாதாள ரெயில்கள் 1898-லும் 1900-லும் திறக்கப்பட்டன. அவற்றையும் அவர் பார்க்கவில்லை.

குண்டுக்கு அஞ்சி...

போர் வந்தது. நதிப் படுகையில் குண்டு விழுந்து சுரங்கம் உடைந்தால் என்ன ஆகும்? தேம்ஸ் தண்ணீர் சுரங்கம் முழுவதும் பாயும். எனவே பழைய சுரங்கத்தில் நதிக்கு அடியில் இருந்த பகுதியைக் கான்கிரீட் வைத்து அடைத்தார்கள். தென்கரைப் பகுதி சவுத்வார்க் மக்களின் புகலிடம் ஆயிற்று. பரோ ஹை ஸ்ட்ரீட் தெருவில் இருந்து இறங்க வழிகள் அமைத்தார்கள். வடகரையில் மூடிக்கிடந்த நிலையமும், கான்கிரீட் தளங்கள் போடப்பட்டுப் புகலிடமாக மாறியது.

ரெயில் ஓடிக்கொண்டிருந்த மற்றப் பாதாள நிலையங்களில் பதுங்குவதை அரசாங்கம் முதலில் விரும்பவில்லை. உள்ளே போனவர்கள் வெளியே வர மாட்டார்கள், வேலை கெட்டுப்போகும் என்ற பயம். மக்கள் கேட்கவில்லை. இருப்பதிலேயே குறைந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள். பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. படுக்கைகளும் கழிப்பிடங்களும் அமைத்தது.

எல்லா நிலையமும் காப்பாற்றிவிடவில்லை. 1940-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி இரவு, பாலம் என்ற இடத்தில் தெருவில் ஒரு குண்டு விழுந்தது. கீழே இருந்த நிலையத்துக்குள் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் மண்ணும் பாய்ந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 1941-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி பாங்க் நிலையத்தில் விழுந்த குண்டு 50-க்கும் அதிகமானவர்களைக் கொன்றது.

கிரேட்ஹெட்டின் இரும்பு வளையத்துக்கும் சோதனை வந்தது. 1940 டிசம்பரில், அவர் 24 வயதில் தோண்டத் தொடங்கிய முதல் சுரங்கத்துக்கு மேலே, நதியில் ஒரு குண்டு வெடித்தது. 7 அடிக் குழாய் ஓர் இடத்தில் 4 அடியாக நசுங்கியது. ஆனால் உடைந்து திறக்கவில்லை. நதி உள்ளே வரவில்லை. 71 ஆண்டுப் பழைய இரும்பு!

1994-ல் பாங்க் நிலையத்துக்கு அருகே கார்ன்ஹில் தெருவில் கிரேட்ஹெட்டுக்குச் சிலை வைத்தார்கள். அகன்ற தொப்பி அணிந்து நிற்கிறார். சிலையின் பீடம் உள்ளே காலி. பாதாள ரெயிலுக்குக் காற்றுப் போக்கி அதில்தான் இருக்கிறது. பாங்க் நிலையத்துக்குள்ளும், 1987-ல் அங்கே வேலை நடந்தபோது மண்ணில் அகப்பட்ட கிரேட்ஹெட் கேடயம் ஒன்றைச் சிவப்பு வர்ணம் பூசி அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். பயணிகள் அதன் நடுவே நடந்து போகிறார்கள்.

சவுத்வார்க் மக்கள் படுத்திருந்த பழைய சுரங்கம், போருக்குப் பின் லண்டன் பிரிட்ஜ் பாதாள நிலையத்துக்குக் காற்று கொண்டு போகும் வழியாகப் பயன்பட்டது. நதிக்கு வடக்கே, மூடிய நிலையத்தின் சுவர்களில், போர்க்காலத்தில் ஒட்டிய சுவரொட்டிகள் பல ஆண்டுகள் கழித்தும் கிழிந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தன.