பெயர் சொல்லிப் பாடியவர்

மரக்காணம் உப்பளத்தில் பொழுது சாய்ந்து, வாரிய உப்பைக் கரையில் குவித்துவிட்டு ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் டீக்கடைப் பக்கம் போனால், நம் பிள்ளைகள் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கூடவே வாக்குவாதமும் நடக்கும். பறையோடு கிட்டாரையும் ராப்பையும் சேர்த்துப் பாடுகிற இன்றைய தனியிசைக் குழுக்கள்தான் உசத்தி என்பான் ஒருவன். அப்பா காலத்து ஒலிநாடாவில் வந்த பாட்டில் இருந்த சூடு இதில் இல்லை என்பான் இன்னொருவன். அந்த இரைச்சலான பதிவை யார் கேட்பது என்று மூன்றாமவன் மடக்குவான்.

நல்ல வாக்குவாதம்தான். நாமும் அதில் கலந்துகொண்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பழைய ஒலிநாடாவில் பாடியவர் யார் என்று கேட்டால், பல பேருக்குப் பெயர் தெரிவதில்லை. குரல் நினைவிருக்கிறது, பெயர் போய்விட்டது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்களில் முதன்மையானவர் முனைவர் கே.ஏ.குணசேகரன். நம் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில் வாழ்ந்து, அங்கேயே 2016 ஜனவரி 17 அன்று மறைந்தவர். ஐதராபாத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா உயிரை விட்டதும் அதே நாளில்தான். பத்தாண்டுகளில் ஒரு தலைமுறை மாறிவிட்டது. அவர் கதையை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய நேரம் இது.

குணசேகரன் 1955-இல் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், இளையாங்குடிக்குப் பக்கத்திலுள்ள மாரந்தையில் பிறந்தார். மழையை நம்பிய வறண்ட பூமி அது. சேரியில் பிறந்த பிள்ளைக்குப் பசியும் சாதியும் கூடவே வளர்ந்தன. படிப்பதற்காக வாழ்ந்த இளையாங்குடியில் இஸ்லாமியர் நடுவே அவர் மனிதராக நடத்தப்பட்டார். அங்கிருந்து சொந்தக்காரர்களின் கிராமங்களுக்குப் போனால் எங்கே நிற்பது, எப்படித் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பதையெல்லாம் சாதி தீர்மானித்தது. ஒரே பிள்ளைக்குச் சில கல் தொலைவில் இரண்டு உலகம். இந்த வேறுபாட்டைத்தான் பிற்காலத்தில் 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதினார். 2005-இல் வெளிவந்த அந்த நூல், தமிழில் தலித் தன்வரலாறு என்று பேச்சு வந்தால் முதலில் எடுத்துவைக்கப்படும் நூல்களில் ஒன்று. 2009-இல் ஆங்கிலத்திலும் வந்தது. காயம் ஆறினாலும் தழும்பு போகாது என்பதே தலைப்பின் பொருள்.

தமிழ் படித்த அவர் நாட்டுப்புறப் பாடல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே அந்தத் துறையில் பெரியவர்கள் உழைத்திருந்தார்கள். பேராசிரியர் நா.வானமாமலை 1964-இல் தொகுத்துத் தந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' பலருக்கு வழிகாட்டி. ஆனால் பாட்டு அச்சுக்கு வரும்போது தாளில் நிற்பது எழுத்து மட்டுமே. நாற்று நட்டவளின் மூச்சும், பாத்தி மிதித்தவனின் கால் தாளமும் அச்சில் வராது. குணசேகரனுக்குக் குரல் இருந்தது. அவர் சேகரித்ததைப் புத்தகத்தோடு நிறுத்தாமல் பாடினார்.

'தன்னானே' என்ற கலைக்குழுவை நடத்தினார். வேலைப் பாட்டில் சொல் வருவதற்கு முன்னால் வாய் தானாகப் போடும் மெட்டுத்தான் தன்னானே. அதையே குழுவுக்குப் பெயராக வைத்தார். இடதுசாரி மேடைகளில், கல்லூரிகளில், தெருமுனைகளில், சேரிகளில் அந்தக் குழு பாடியது. பாடல்கள் ஒலிநாடாவாக வந்து ஊர் ஊராகப் போயின. வலையில் சிக்கிய தாய்ப் பறவையைப் பற்றிய 'ஆக்காட்டி' பாட்டை அவர் குரலில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். கழுவேலி ஓரத்தில் வெறுந்தரையில் முட்டையிட்டு, ஆள் வந்தால் கத்திக்கொண்டு சுற்றும் ஆக்காட்டியை நாம் தினமும் பார்க்கிறோம். அந்தப் பறவையின் தவிப்பு கூலிக்காரத் தாயின் தவிப்பு என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர் குரலோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்ட இன்னொரு பாட்டு 'மனுசங்கடா'. எழுதியவர் கவிஞர் இன்குலாப். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையின் சூட்டில் பிறந்த பாட்டு அது. எழுதியது சாயபு வீட்டுப் பிள்ளை, பாடியது சேரிப் பிள்ளை, ஏற்றுக்கொண்டது தமிழ்நாட்டுச் சேரிகள் முழுவதும். கூட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு எழுந்தால், வீட்டுக்குள் இருந்தவர்கள் தெருவுக்கு வந்து நிற்பார்கள். தந்தையின் உடலைப் பொதுவழியில் எடுத்துச்செல்லப் போராடும் தலித் இளைஞனைப் பற்றி அம்ஷன் குமார் 2017-இல் படம் எடுத்தபோது, அதற்கும் இதே பெயரைத்தான் வைத்தார்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நாட்டுப்புறக் கலை என்றாலே கொண்டாட வேண்டியது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நமக்கு அது அவ்வளவு எளிதல்ல. சாவுக்குப் பறையடிப்பது நம் மக்கள்மேல் சுமத்தப்பட்ட ஊர் ஊழியம். கூலி என்ற பெயரில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். அதனால்தான் பல சேரிகள் இனி அடிக்க மாட்டோம் என்று பறையை இறக்கி வைத்தன. அதற்காக அடிபட்டன, ஊர் விலக்கத்தையும் தாங்கின. அந்தப் பறையை மறுபடி எடுக்கலாமா, கூடாதா என்று நம் இயக்கங்களுக்குள்ளேயே நீண்ட வாதம் நடந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

குணசேகரன் போன்றவர்கள் எடுத்த வழி இதுதான். ஊழியமாக அடிக்கும் பறை வேறு, உரிமைக்காக மேடையில் அடிக்கும் பறை வேறு. கருவி ஒன்றுதான். யார் அழைத்து, யார் விருப்பத்தில், யார் முன்னால் அடிக்கிறோம் என்பதில் அதன் பொருள் மாறுகிறது. இன்று கல்லூரி விழாக்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறையைத் தோளில் மாட்டி ஆடுகிறார்கள் என்றால், அந்த மாற்றத்துக்காக உழைத்த பலரில் அவரும் ஒருவர். ஆனால் விழா முடிந்ததும் அதே பிள்ளைகள் சேரிக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்களா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நாட்டுப்புறம் என்ற சொல்லே அவருக்குப் போதவில்லை. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில், எல்லாவற்றையும் ஒரே நாட்டுப்புறம் என்று சொன்னால் சேரியின் பங்கு காணாமல் போகிறது. ஆகவே 'சேரிப்புறவியல்' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். பாட்டு யாருடையது என்பதை முகவரியோடு சொல்லும் பெயர் அது. நாடகத்திலும் இதே வேலையைச் செய்தார். அவருடைய 'பலி ஆடுகள்' தமிழ் தலித் நாடகத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்து மாணவர்களை உருவாக்கினார். சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியிலும் அமர்ந்தார். மாரந்தைச் சேரியிலிருந்து அந்த நாற்காலி வரை அவரைக் கொண்டுபோனதில் படிப்புக்கு இருந்த பங்கு பாட்டுக்கும் இருந்தது.

அவரிடம் நாம் கற்க வேண்டிய இன்னொன்று, தான் மட்டும் பாடிப் பெயர் வாங்கிப் போய்விடாதது. சிவகங்கைச் சீமையின் சூராணத்தில் பிறந்து, கோயில் திருவிழாக்களில் பாடிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணுவை அவர்தான் தம் குழுவின் வழியாகப் பெரிய மேடைகளுக்குக் கொண்டுவந்தார். 2008-இல் 'நாக்க முக்க' பாட்டில் தமிழ்நாடே ஆடியபோது நாம் கேட்டது அந்தக் குரலைத்தான்.

இப்போது டீக்கடை வாதத்துக்குத் திரும்புவோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் சாதியைக் கேள்வி கேட்டன. 2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எடுத்துவந்த சொற்கள் உலகமெங்கும் போயின. சில மாதங்களில் ஓர் இசை இதழின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீயின் முகம் இருந்தது, அறிவின் முகம் இல்லை. பெரிய விவாதம் எழுந்தது. அந்த விவாதம் வீண் என்று சிலர் சொன்னார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டு ஊரெல்லாம் போன பிறகும் பாடியவன் பெயர் வாசலிலேயே நிற்பது நமக்குப் பழகிய கதை.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் அல்ல. அமெரிக்காவின் தென்பகுதியில் 'லெட் பெல்லி' என்று அழைக்கப்பட்ட ஹட்டி லெட்பெட்டர் என்ற கறுப்பினப் பாடகர் இருந்தார். 1933-இல் சிறையில் இருந்தபோது ஜான் லோமாக்ஸ் என்ற பாடல் சேகரிப்பாளர் தம் மகனோடு போய் அவர் குரலைப் பதிவு செய்தார். பிறகு சில பாடல்களின் உரிமையில் சேகரித்தவர் பெயரும் சேர்ந்துகொண்டது. லெட் பெல்லி 1949 டிசம்பரில் இறந்தார். அவர் பாடிப் பரப்பிய 'குட்நைட் ஐரீன்' அடுத்த ஆண்டே வெள்ளையர் குழு ஒன்றின் குரலில் நாட்டின் முதலிடத்துக்கு வந்தது. அந்த வெற்றியைப் பார்க்க அவர் இல்லை.

ஆகவே பழைய பதிவா, புதிய பதிவா என்பது இரண்டாவது கேள்வி. பாட்டுக்குச் சொந்தக்காரர் பெயர் அதில் இருக்கிறதா, அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்பதே முதல் கேள்வி. குணசேகரன் வாழ்க்கை முழுவதும் கேட்டது இதைத்தான் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

நம் கடற்கரைக்கும் பாட்டுக்கும் பழைய உறவு உண்டு. சிறுபாணாற்றுப்படையில் பாணர்கள் நடந்துபோகும் வழியில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எழுதிய நத்தத்தனாரும் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். அந்த நூலில் பாணன் வீட்டு அடுக்களை ஒன்று வருகிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்புப் போட வழியில்லாமல் வேகவைத்து, பிறர் பார்க்கக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். உப்பு விளையும் இந்தக் கரையில் அதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும். ஊருக்கெல்லாம் பாடியவன் வீட்டுக் கீரைக்கு உப்பில்லை.

உப்பளத்தில் பாத்தி மிதிக்கும்போதும், கூடை சுமக்கும்போதும் பாடிய நம் பாட்டிமார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கைப்பேசியில் அடுத்தவர் பாட்டைக் கேட்டது போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாட்டியிடம் போய் உட்காருங்கள். அவர் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாட்டோடு அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், என்ன வேலையில் பாடினார், பதிவு செய்த நாள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நம்மையே இழிவு செய்யும் பாட்டு வந்தால் அதையும் பதிவு செய்து, ஏன் அப்படி வந்தது என்று கேளுங்கள். நாளை யாராவது அதற்குப் புது இசை போட்டால், முதல் வரியில் அந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அப்போதுதான் நமக்கு இருக்கும்.