தீவை விட்டுப் போனவர்

சூரியன் மேட இராசிக்குள் போகிற நாள்தான் எங்களுக்குச் சித்திரை வருடப்பிறப்பு. வானத்தைப் பார்த்துத்தான் எங்கட முன்னோர் ஆண்டைக் கணக்கிட்டார்கள். ஆகவே இந்தப் புத்தாண்டு மலரில், நாங்கள் வந்து வாழும் டென்மார்க்கில் வானத்தை அளந்த ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ரைக்கோ பிறாஹே.

ஊரில் ஏ.எல். படித்த காலத்தில் கெப்லரின் பெயரைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கெப்லர் கணக்குப் போட்டது இவர் எழுதி வைத்த அளவுகளை வைத்துத்தான் என்பதை இஞ்ச வந்த பிறகுதான் அறிந்தேன்.

1546 டிசம்பர் 14இல் ஒரு பிரபு குடும்பத்தில் பிறந்தவர் இவர். பிறந்த இடம் இன்று சுவீடனில் இருக்கிறது, அன்று அது டென்மார்க். பிள்ளையில்லாத பெரியப்பா இவரைத் தாய் தகப்பனைக் கேளாமலே கொண்டுபோய் வளர்த்தார். படிக்கப் போன இடத்தில் 1566இல் வாள்சண்டை வந்து மூக்கில் ஒரு துண்டு போய்விட்டது. அதன்பிறகு உலோக மூக்குத்தான்.

1572 நவம்பர் 11 மாலை, கசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் முன்பு இல்லாத ஒரு விண்மீனைக் கண்டார். வெள்ளியைப் போல ஒளிர்ந்தது, பகலிலும் தெரிந்தது. வேறு பலரும் அதைக் கண்டார்கள். ஆனால் இவர் விடாமல் அளந்தார். அது சந்திரனைவிடக் கிட்ட இருந்தால் மற்ற விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறித் தெரிய வேண்டும். அது அசையவேயில்லை. அப்ப அது சந்திரனுக்கும் அப்பால் என்று விளங்கியது. வானம் மாறாது என்று நெடுங்காலமாக இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1574இல் அந்த விண்மீன் மங்கி மறைந்தது.

1576இல் இரண்டாம் பிரெடறிக் அரசர் இவருக்கு வேன் தீவைக் கொடுத்தார். அங்கே ஊறானிபோர்க் மாளிகையைக் கட்டி, தொலைகாட்டி இல்லாத அந்தக் காலத்தில் வெறுங்கண்ணாலேயே இருபது வருடம் வானத்தை அளந்தார். தங்கை சோபியாவும் உதவினார். தீவுக் குடியானவர்கள் இவர் வாங்கிய வேலையால் கஷ்டப்பட்டு முறையிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசர் 1588இல் இறந்தார். மகன் நாலாம் கிறிஸ்தியான் முடிசூடிய பிறகு சலுகைகள் போயின. 1597இல், ஐம்பது வயதில், குடும்பத்தோடும் கருவிகளோடும் அச்சு யந்திரத்தோடும் நாட்டை விட்டு வெளியேறினார். ஜேர்மனியிலிருந்து அரசருக்குக் கடிதம் எழுதினார். பதில் கடுமையாக வந்தது. அவர் பிரபு, எங்களைப் போல முகாமில் நின்றவரில்லை. ஆனாலும் திரும்பிப் போகலாமோ என்று கடிதத்துக்குக் காத்திருப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும்தானே.

1599இல் பிராக் நகரம் அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடம் கெப்லர் வந்து சேர்ந்தார். 1601 ஒக்டோபர் 24இல் அங்கேயே இறந்தார், அடக்கமும் அங்கேதான். தீவிலிருந்த மாளிகையும் பின்னர் இடிக்கப்பட்டது. ஆனால் கொண்டு போன கொப்பிகள் மிஞ்சின. அவற்றை வைத்துத்தான் செவ்வாய் நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது என்று 1609இல் கெப்லர் காட்டினார்.

அந்தப் புது விண்மீன் என்ன? எரிந்து முடிந்து பூமியளவாகச் சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன் ஒன்று. பக்கத்து விண்மீனின் பொருளை இழுத்தோ, அதனுடன் மோதியோ வெடித்தது. அந்த வகை வெடிப்புத்தான் என்று 2008இல் உறுதியானது. அப்ப சிதறிய வாயு இன்றும் கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் எக்ஸ்ரே கதிர் வீசுகிறது. அந்தக் கதிரைக் காற்று மண்டலம் மறித்துவிடும், விண்வெளியிலிருந்துதான் பார்க்கலாம். 1999இல் ஏவிய சந்திரா என்ற தொலைகாட்டி அதைப் படம் பிடித்தது. அந்தப் பெயர் எங்கட சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. சென்னையில் படித்து, 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது, வெள்ளைக் குள்ளன் ஓர் எல்லைக்கு மேல் எடை தாங்காது என்று கணக்கிட்டவர். அவரும் 1995இல் அமெரிக்காவில்தான் கண்மூடினார்.

தீவு, மாளிகை, அரச மரியாதை எல்லாம் பறிபோகும். கவனமாகக் கற்றதும் எழுதி வைத்ததும் எங்களோடு வரும். எங்கட பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கோ. கசியோப்பியா டென்மார்க்கில் ஒரு இரவிலும் மறைவதில்லை. முகில் இல்லாத இரவில் வடக்கே பார்த்தால் டபிள்யூ எழுத்தைப் போலத் தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.