செத்த பிறகு வந்த டான்ஸ்ரீ பட்டம்



சங்க வேலையாகப் பினாங்குக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஜார்ஜ்டவுனில் ஜாலான் பி. ரம்லி பக்கம் நடந்தோம். முன்னே அந்தச் சாலைக்கு கவுண்டர் ஹால் ரோடு என்று பேர். அங்கே ஒரு சின்ன மரவீடு இருக்கிறது. நடிகர் பி. ரம்லி பிறந்த வீடு. இப்போது அதை நினைவு இல்லமாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

கூட வந்த தம்பி ஒருவர் நம்மிடம் வாதம் பண்ண ஆரம்பித்துவிட்டார். சிரிப்புக் காட்டினவனுக்கும் பேய் வேஷம் கட்டினவனுக்கும் வயசான காலத்தில் வாழ்நாள் சாதனை விருது என்று மேடை போட்டுக் கொடுக்கிறார்களே, அவன் என்ன நாட்டுக்கா உழைத்தான் என்பது அவர் கேள்வி. பஸ் வரும்வரை பி. ரம்லியின் கதையைத்தான் அவருக்குப் பதிலாகச் சொன்னோம். அதையே இங்கேயும் எழுதுகிறோம்.

பி. ரம்லி நமக்கு அந்நியர் இல்லை. நம் அப்பா காலத்தில் தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். ஒரு தடவை எம்.ஜி.ஆர். படம் என்றால் இன்னொரு தடவை ரம்லி படம் வரும். நாம் பிள்ளைகளாக இருந்தபோது, லயத்தில் டிவி இருந்த வீட்டு வாசலில் கூடிப் பார்த்தோம். மலாய் அரைகுறையாகப் புரிந்த நம் பாட்டிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. காலையில் மூணு மணிக்குத் தோட்டத்து விளக்கோடு எழுந்து, நாள் முழுக்க மரம் சீவி, பால் தூக்கி வந்த உடம்பு அது. அந்தச் சிரிப்பு சும்மா வந்ததா?

அவர் பிறந்தது 1929 மார்ச் 22-ல். இயற்பெயர் தெயுக்கு ஸக்காரியா. அப்பா சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. அம்மா பட்டர்வொர்த் பக்கத்துக்காரர். பையன் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தான். ஜப்பான்காரன் வந்ததும் படிப்பு கெட்டது. ஆனால் வயலின் கையை விட்டுப் போகவில்லை. பாட்டும் வாத்தியமுமாகத் திரிந்தவனை, 1948-ல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா மேடையில் டைரக்டர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் பார்த்தார். இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அவர் அழைப்பில் பையன் சிங்கப்பூருக்குப் போனான். ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. முதல் படம் 'சிந்தா'. அதில் வில்லன் வேஷம். கதாநாயகனுக்குப் பின்பாட்டும் அவரே பாடினார்.

1950-ல் 'பக்தி' படத்தில் அவரைக் கதாநாயகன் ஆக்கினவர் யார் தெரியுமா? எல். கிருஷ்ணன். மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த நம் ஆள். மலாய் சினிமாவின் பெரிய நட்சத்திரம் எழுந்ததில் ஒரு தமிழன் கையும் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1955-ல் ரம்லி முதல் தடவையாகத் தானே டைரக்ட் செய்தார். படம் 'பெனாரிக் பெச்சா'. பெச்சா மிதிக்கும் ஓர் ஏழையின் கதை. 1956-ல் வந்த 'அனாக்கு சஸாலி'யில் அப்பனும் அவரே, கெட்டுப்போன மகனும் அவரே. அதற்காக 1957-ல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார். அதே வருஷம் 'பூஜாங் லாப்போக்' வந்தது. கல்யாணம் ஆகாத மூணு ஏழைகள் படும் பாடு. கூட நடித்தவர்கள் எஸ். ஷம்சுடினும் அஸிஸ் சத்தாரும். 1958-ல் 'சும்பா ஓராங் மின்யாக்' என்ற திகில் படத்தில் கூனனாக வந்து எண்ணெய் மனிதனாக மாறினார். 1959-ல் 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்' கோலாலம்பூர் ஆசிய விழாவில் சிறந்த நகைச்சுவைப் படம் என்று பரிசு பெற்றது. மொத்தம் அறுபதுக்கு மேல் படத்தில் நடித்தார். முப்பதுக்கு மேல் டைரக்ட் செய்தார். இருநூறுக்கு மேல் பாட்டுக்கு மெட்டுப் போட்டார்.

தோழர்களே, அந்த ஸ்டூடியோவும் ஒரு தோட்டம் மாதிரிதான். நடிகனுக்கு மாதச் சம்பளம். படம் முதலாளிக்குச் சொந்தம். அது எத்தனை வருஷம் ஓடினாலும் உழைத்தவனுக்குப் பங்கு கிடையாது. நாம் சீவின பால் கப்பலேறிப் போன கதை போலத்தான். அதனால் நடிகர்களும் 'பெர்சாமா' என்று சங்கம் வைத்தார்கள். ரம்லியும் அதன் முன்னணியில் நின்றவர். 1957-ல் சிலரை வேலையைவிட்டு நிறுத்தியபோது ஸ்டூடியோத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். திரையில் நம்மைச் சிரிக்க வைத்தவர்களுக்கும் வயிற்றுப் பிரச்சினை இருந்தது.

1964-ல் ரம்லி கோலாலம்பூருக்கு மாறினார். அங்கே மெர்டேக்கா ஸ்டூடியோவில் வசதி குறைவு. காலமும் மாறிவிட்டது. ஜனங்கள் கலர் படம் தேடினார்கள், இவர் படங்கள் கறுப்பு வெள்ளை. தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசிப் படம் 1972-ல் வந்த 'லக்சமனா டோ ரே மி'. 1973 மே 29-ல் மாரடைப்பில் போய்விட்டார். வயசு 44. கையில் சேமிப்பு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

உயிரோடு இருந்தபோது மரியாதையே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். 1962-ல் ஏ.எம்.என். பட்டம் கொடுத்தார்கள். ஆனால் டான்ஸ்ரீ பட்டம் எப்போது வந்தது? 1990-ல். செத்துப் பதினேழு வருஷம் கழித்து! அவர் மனைவி, பாடகி சலோமாகூட 1983-லேயே கண்ணை மூடிவிட்டார்.

இது இந்த நாட்டுக் கதை மட்டும் இல்லை. நம்மை எத்தனையோ வருஷம் சிரிக்க வைத்த நாகேஷ் 2009-ல் சென்னையில் இறந்தார். இந்திய அரசின் பத்ம விருது ஒன்றுகூட வாங்காமலே போனார். அழ வைத்தவனுக்கு ஒரு தராசு, சிரிக்க வைத்தவனுக்கு இன்னொரு தராசு. சிரிப்பும் பயமும் சுலபமாக வருகிறது என்று நினைக்கிறார்கள். நம் தம்பிக்கும் அதே நினைப்புத்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், முப்பத்தெட்டு வருஷம் மரம் சீவின ஓர் அம்மா இருந்தார். நீண்டகாலச் சேவைக்குப் பாராட்டுத் தாள் வருகிறது, வருகிறது என்றார்கள். வந்தது. கருமாதி முடிந்து பத்து நாள் கழித்து! மகன் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்தப் பினாங்கு மரவீடு ஞாபகம் வரும்.

வாழ்நாள் விருது என்றால் முதலில் வயசைக் கேட்கிறார்கள். ரம்லிக்கு 44 வயசில் யார் கொடுப்பார்கள்? அங்கேதான் தப்பு. தலை நரைத்ததா என்று பார்க்காமல் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். ஷம்சுடினும் அஸிஸ் சத்தாரும் எண்பதைத் தாண்டி வாழ்ந்தார்கள். எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இருக்காது. இன்னொன்று, கேடயம் மட்டும் சோறு போடாது. நமக்கு ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் சும்மா கிடைக்கவில்லை, கேட்டுப் போராடித்தான் கிடைத்தது. கலைஞனுக்கும் விருதோடு, அவன் உழைப்பு காசாகும் காலம்வரை ஒரு பங்கு வேண்டும்.

பஸ் வந்தது. தம்பி வேறு ஒன்றும் பேசவில்லை. ஏறும்போது, பூஜாங் லாப்போக் படத்தை வீட்டில் பிள்ளைகளோடு பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நீங்களும் பாருங்கள். உங்கள் தோட்டத்தில் இன்னும் கண் விழித்திருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், மாலையை இன்றைக்கே போடுங்கள். கையால் தொட்டு வாங்கிக்கொள்ளட்டும்.