டீக்கடை பெஞ்சுக்கு வந்த நாளிதழ்

சி.பா. ஆதித்தனாரைச் சிலர் 1967இல் சென்னை சட்டமன்ற சபாநாயகராக இருந்தவர் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அவர் ‘நாம் தமிழர்’ இயக்கத்தைத் தொடங்கியவர். ஆனால் அவருடைய பெரிய காரியம் மதுரையில் ஓர் அச்சுக்கூடத்தில் நடந்தது. நாளிதழின் ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே அவர் மாற்றினார்.

1905இல் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் உள்ள காயாமொழியில் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்துச் சிங்கப்பூருக்கு வந்து வழக்கறிஞர் தொழில் செய்தார். இங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஊர் திரும்பியவர், 1942 நவம்பர் 1ஆம் தேதி மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. காகிதம் கிடைக்கவில்லை. வைக்கோலை ஊறவைத்துக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்து அதில் அச்சடித்தார்கள்.

அன்றைய தமிழ் நாளிதழ்கள் படித்தவர்களுக்காகவே வந்தன. நீளமான வாக்கியம், வடமொழி கலந்த நடை, பொடி எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிப்பவன் இரண்டு வரிக்கு மேல் போக மாட்டான். லண்டனில் சாதாரண மக்கள் கையில் இருந்த பத்திரிகைகளைப் பார்த்திருந்த ஆதித்தனார், அந்த வாசகனை மனத்தில் வைத்தே பக்கத்தை அமைத்தார். பெரிய தலைப்பு, படம், சின்னச் சின்ன பத்திகள்.

இதில் ஒரு தொழில் சிக்கலும் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடித்த காலத்தில், தலைப்பைப் பெரிதாக்கினால் சொல் பத்திக்குள் அடங்காது. எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் சொல் குறுகியாக வேண்டும். குறுகிய சொல்லைத் தேடினால் அது பெரும்பாலும் மக்கள் வாயில் புழங்கும் சொல்லாகவே இருந்தது. பேச்சுத் தமிழில் கொச்சையை மட்டும் நீக்கிவிட்டு எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. பக்க அமைப்பும் மொழிநடையும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன.

கொலை, கொள்ளைச் செய்திகளுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்தார் என்று படித்தவர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதுவரை நாளிதழே தொடாத கூலித் தொழிலாளியும் வண்டிக்காரரும் அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான் கையில் எடுத்தார்கள் என்பதும் உண்மை. டீக்கடையில் ஒரே இதழின் தாள்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் உரக்கப் படித்துக் காட்டுவார். தினத்தந்தி படித்தே எழுத்துக் கூட்டக் கற்றதாகச் சொல்லும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மதுரையோடு அவர் நிற்கவில்லை. 1948இல் சென்னைப் பதிப்பு வந்தது. அடுத்தடுத்து மற்ற ஊர்களிலும் அச்சடித்தார்கள். தொலைவான ஒரு நகரத்திலிருந்து ரயிலில் வரும் நாளிதழுக்காகக் காத்திருக்காமல், விடிந்ததும் பக்கத்து ஊரில் அச்சான செய்தி கைக்குக் கிடைத்தது. பின்னாளில் தினமும் சில கட்டங்களாக வந்த ‘கன்னித்தீவு’ படக்கதையைத்தான் பிள்ளைகள் முதலில் தேடிப் போனார்கள்.

தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், புதிதாகச் செய்தி எழுத வருபவர்களுக்காக ‘இதழாளர் கையேடு’ என்ற நூலையும் எழுதினார். 1981 மே 24ஆம் தேதி ஆதித்தனார் காலமானார்.