எமில் ஸோலாவும் பொதுசன அபிப்பிராயமும்

எமில் ஸோலாவை நம்மவர் பெரும்பாலும் நாவலாசிரியராகவே அறிவர். அவருடைய நாவல்களுட் சிலவற்றை ஆங்கில வாயிலாகப் படித்து இன்புற்றவன் நான். ஆயினும், அவர் வாழ்வில் என்னை மீண்டும் மீண்டும் சிந்திக்க வைப்பவை அந்நூல்கள் அல்ல. ஒரு நாட்டு மக்களுட் பெரும்பாலார் ஒன்றை உண்மையென நம்பி நின்ற வேளையில், அஃது உண்மையன்று என எழுதத் துணிந்த செயலே என்னை ஈர்க்கின்றது. பலர் நம்புவதால் ஒன்று உண்மையாகிவிடுமா என்று மாணவர் கேட்கும்பொழுது, நான் ஸோலாவின் கதையையே சொல்வது வழக்கம்.

அவர் 1840 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் இத்தாலிய நாட்டு எந்திரவியலாளர். மகனுக்கு ஏழு வயது நிறையுமுன்னரே இறந்துபோனார். தெற்கேயுள்ள எக்ஸ் என்னும் ஊரில் வறுமையோடு வளர்ந்த அச்சிறுவனுக்குப் பள்ளித் தோழராக வாய்த்தவர், பிற்காலத்தில் ஓவியராகப் புகழெய்திய செசான். பள்ளியிறுதிப் பரீட்சையில் இருமுறை தவறிய ஸோலா, 1862 இல் அஷெத் என்னும் நூல் வெளியீட்டு நிலையத்திற் பொதிகட்டும் வேலையில் அமர்ந்து, விரைவில் விளம்பரப் பகுதிக்குத் தலைவரானார். இதனை நான் சிறு செய்தியாகக் கொள்வதில்லை. ஒரு நூலின் பெயரை மக்கள் நாவில் எவ்வாறு உலவவிடுவது, பத்திரிகைகள் ஓர் அபிப்பிராயத்தை எவ்வாறு ஆக்குகின்றன என்பவற்றை அவர் அங்கேதான் கற்றார்.

கற்றது வீண்போகவில்லை. இருபது நாவல்களைக் கொண்ட பெருந்தொடர் ஒன்றை 1871 முதல் 1893 வரை எழுதி முடித்தார். அவற்றை ஆபாசம் என்று தூற்றியவர்களும் வாங்கிப் படித்தார்கள். 1880 இல் ‘நானா’ வெளிவந்தபோது முதற் பதிப்பின் 55,000 பிரதிகளும் உடனே விலைப்பட்டன. பிரெஞ்சு இலக்கியக் கழகம் மட்டும், அவர் பலமுறை விண்ணப்பித்தும், ஆசனம் கொடுக்கவில்லை. பண்டிதர் வெறுக்கப் பாமரர் விரும்பிய எழுத்தாளர் என்று அவரைச் சுருங்கச் சொல்லலாம். ஆகவே பொதுமக்களைத் துச்சமாக நினைக்கும் குணம் அவரிடம் இருந்திருக்க நியாயமில்லை. அவருக்குச் சோறிட்டது அந்த மக்கட் கூட்டமே.

இனி, டிரைபஸ் வழக்குக்கு வருவோம். அல்பிரட் டிரைபஸ் பிரெஞ்சுப் படையில் கப்டன், யூத குலத்தவர். ஜெர்மன் தூதராலயத்தின் குப்பைக் கூடையிற் கிடைத்த ஒரு கடிதத்தின் எழுத்து அவருடையது எனக் கொண்டு, படைநீதிமன்றம் 1894 டிசெம்பரில் அவரைத் தேசத்துரோகி என ஏகமனதாகத் தீர்த்தது. எதிரி தரப்புக்குக் காட்டப்படாத இரகசியக் கோவை ஒன்று நீதிபதிகளின் கையிற் கொடுக்கப்பட்டிருந்தது. மறு மாதம் பாரிஸிலே, படைக்கல்லூரி முற்றத்தில், அவருடைய பதவிச் சின்னங்கள் பிய்க்கப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது, வேலிக்கு வெளியே திரண்டிருந்த சனங்கள் அவருக்கு மரணம் வேண்டுமெனக் கூவினார்கள். தென்னமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிசாசுத் தீவில் அவர் சிறைவைக்கப்பட்டார்.

அந்தச் சனங்களை மூடர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1870 ஆம் ஆண்டுப் போரிற் பட்ட தோல்வியின் புண் ஆறாத நாடு அது. படையே அதன் மானம். நீதிபதிகள் எழுவரும் ஒரே முடிபைக் கூறினர். நாளொன்றுக்குப் பத்து இலட்சம் பிரதிகள் விற்ற பெரும் பத்திரிகை அதனையே கூறியது. யூதர்மீது பகை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட பத்திரிகைகளும் கூறின. வேறு எதனையும் அறிய வழியில்லாதவர்கள் எதனை நம்புவர்? காட்டப்பட்டதை நம்பினர், காட்டப்படாதது இன்னதென்று கேட்கத் தவறினர்.

கேட்டவர் சிலர் இருந்தனர். பிக்கார் என்னும் படையுத்தியோகத்தர் 1896 இல் அக்கடிதத்தின் எழுத்து எஸ்டர்ஹாஸி என்னும் வேறொருவனுடையது எனக் கண்டார். கண்டதற்குப் பரிசாகத் துனீசியாவுக்கு மாற்றப்பட்டார். 1897 இன் இறுதியில் உண்மை அறிந்த ஸோலா, ‘பிகாரோ’ பத்திரிகையில் மூன்று கட்டுரைகள் எழுதினார். வாசகர் சினந்தனர், சந்தாவை நிறுத்தினர், பத்திரிகை அவருக்குக் கதவடைத்தது. பொதுசன அபிப்பிராயத்தைப் பத்திரிகை ஆக்குகின்றது என்பது பாதி உண்மையே. பத்திரிகையை அந்த அபிப்பிராயம் கட்டிப்போடுவதும் உண்டு.

1898 ஜனவரி 11 ஆந் திகதி எஸ்டர்ஹாஸி குற்றமற்றவன் என விடுவிக்கப்பட்டான். இரண்டு நாட் கழித்து, ‘லோரோர்’ என்னும் சிறு பத்திரிகையில், குடியரசுத் தலைவருக்கு விலாசமிட்ட ஸோலாவின் பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. தளபதிகளையும் மந்திரியையும் எழுத்து நிபுணரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டி, தம்மீது வழக்குத் தொடுக்குமாறு அவர் அறைகூவினார். அன்று ஏறக்குறைய மூன்று இலட்சம் பிரதிகள் விற்றன. விளம்பரப் பகுதியிற் கற்ற வித்தை அன்றைக்கு உதவிற்று என்று நினைக்கிறேன். அக்கடிதத்திற் கூறியன யாவும் சரியென்று சொல்லமாட்டேன். ஒரு மேஜரின் தலையில் அளவுக்கு மிஞ்சிய பழியைச் சுமத்திய அவர், பொய்ப் பத்திரம் புனைந்த ஆன்றி என்பவனின் பெயரையே குறிப்பிடவில்லை. எனினும் கடிதத்தின் அடிப்படை உண்மையானது.

பல நகரங்களிற் கலகம் மூண்டது. ஸோலாவின் கொடும்பாவியை எரித்தனர். அவர் வீட்டுச் சன்னல்களுக்குக் கல்லெறிந்தனர். இறந்துபோன தந்தையைக்கூடத் திருடன் என எழுதினர். பெப்ரவரியில் நடந்த விசாரணையில், ஒரு தளபதி ஜூரர்களை நோக்கி, படைத் தலைமையில் நாட்டுக்கு நம்பிக்கை இல்லையெனின் தாம் விலகத் தயார் என்றார். சான்று கேட்ட இடத்தில் அவர் காட்டியது இதுவே! ஓராண்டு மறியலும் 3,000 பிராங்கு அபராதமும் தீர்ப்பாயின. யூலையில் ஸோலா இலண்டனுக்குத் தப்பிச் சென்று, பாஷை தெரியாத ஊரில், மாற்றுப் பெயர்களில் மறைந்து வாழ்ந்தார்.

அதே மாதத்தில், யுத்த மந்திரி பாராளுமன்றத்தில் ஒரு பத்திரத்தை வாசித்து, டிரைபஸின் குற்றத்துக்கு அதுவே முடிந்த சாட்சி என்றார். சபை ஏறக்குறைய ஏகமனதாக வாக்களித்து, அதனைப் பிரான்சின் ஒவ்வோர் ஊரிலும் சுவரில் ஒட்டுவித்தது. அடுத்த மாதம் ஓர் உத்தியோகத்தர் அப்பத்திரத்தை இரவிலே விளக்கொளியிற் பிடித்துப் பார்த்தபோது, கோடுகளின் நிறம் வேறுபட்ட இரு தாள்கள் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டார். ஆன்றி குற்றத்தை ஒப்புக்கொண்டு, மறுநாள் கழுத்தை அறுத்து மாண்டான். இத்துடன் ஊரார் மனம் மாறியிருக்கும் என எண்ணுவோம். மாறாக, அவன் விதவைக்கென ஒரு பத்திரிகை தொடங்கிய நிதிக்கு ஏறக்குறைய 25,000 பேர் பணம் அனுப்பினர்.

1899 இல் ஸோலா நாடு திரும்பினார். டிரைபஸ் மறுவிசாரணையிலும் குற்றவாளியெனப்பட்டு, பின்னர் மன்னிப்புப் பெற்றார். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு 1906 இலேயே வந்தது. அதனைக் காண ஸோலா இல்லை. 1902 செப்டெம்பரில், படுக்கையறைப் புகைபோக்கி அடைபட்டு, நச்சுவாயுவால் அவர் இறந்தார். பகைவன் ஒருவன் வேண்டுமென்றே அடைத்தான் என 1953 இல் பாரிஸ் பத்திரிகை ஒன்று எழுதியது. அதனை இன்று பலர் முடிந்த உண்மையாகவே பேசுகின்றனர். நானும் ஸோலாவின் அன்பனே. ஆயினும், அது நிறுவப்படாத கதை என்றே மாணவர்க்குச் சொல்லுகிறேன்.

1908 ஜூன் 4 ஆந் திகதி அவருடைய எச்சங்கள் நாட்டின் பெருமக்கள் துயிலும் பந்தியோன் மண்டபத்துக்கு அரச மரியாதையுடன் மாற்றப்பட்டன. அச்சடங்குக்கு வந்திருந்த டிரைபஸைப் பத்திரிகையாளன் ஒருவன் துப்பாக்கியாற் சுட்டு, கையிற் காயப்படுத்தினான். அவனை விசாரித்த பாரிஸ் ஜூரர்கள், குற்றமில்லை என்று விடுதலை செய்தார்கள்.