ஜோசப் பூரியர்

இரண்டு மணி நேரம் ஓடும் படமொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள டி.வி.டி. என்னும் ஒளித்தட்டில் அடங்கியிருத்தலைக் கண்டு நாம் இக்காலத்தில் வியப்பதில்லை. ஆயினும் அத்தட்டின் ஓரடுக்குக் கொள்ளுவது 470 கோடி பைட்டே. படத்தின் புள்ளிகள் யாவற்றையும் உள்ளவாறே எழுதப் புகின், ஏறக்குறைய ஐந்து நிமிடக் காட்சியிலேயே தட்டு நிரம்பிவிடும். எஞ்சிய காட்சிகளுக்கு இடந்தந்த கணிதத்தின் தோற்றத்தை ஆராய்வோமாயின், மின்விளக்கும் அறியாத காலத்திற் பிறந்த ஒரு தையற்காரர் மகனை நாம் காண்கின்றோம். அவரே ஜோசப் பூரியர்.

அவர் பிரெஞ்சு தேசத்து ஓசேர் நகரில் 1768ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆம் நாள் பிறந்தார். பத்து வயதளவில் தாய் தந்தையரை இழந்தார். பெனெடிக்டு சபைத் துறவிகள் நடத்திய பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. எரிந்தெஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்துவைத்து, இரவிற் கணிதம் பயின்றார் என்பர். துறவியாக விரும்பி மடம் புகுந்தவர், 1789ல் விரதம் ஏற்காது வெளிவந்தார். புரட்சிக் காலத்தில், 1794ல் சிறைப்பட்டார். ரோபெஸ்பியர் வீழ்ந்தமையால் உயிர் தப்பினார். 1798ல் நெப்போலியனுடன் எகிப்து சென்று மீண்டு, 1802 முதல் கிரெனோபிள் நகரிலிருந்து இசேர் மாவட்டத்தை ஆண்டார். புர்குவான் சதுப்பு நிலங்களை வற்றச் செய்தது அவர் ஆட்சியின் நற்செயலாம்.

அலுவலுக்கிடையே வெப்பம் பரவும் இயல்பை ஆராய்ந்து, 1807ல் பாரிஸ் அறிஞர் சபைக்கு ஒரு கட்டுரை விடுத்தார். எத்துணைக் கரடுமுரடான வடிவாயினும், ஒழுங்கான அலைகள் பலவற்றைக் கூட்டி அதனைப் பெறலாம் என்பது அதன் துணிபு. முதுபெருங் கணிதராகிய லக்ராஞ்சு அதனை ஒப்பவில்லை. கட்டுரை அச்சேறாது கிடந்தது. 1812ல் சபை பரிசளித்தும், நிறுவும் முறையிற் குறையுண்டென்றே கூறிற்று. பூரியர் சோர்ந்திலர். 1822ல் தம் கொள்கையைப் பெருநூலாக வெளியிட்டார். அக்கொள்கை எவ்வரம்பினுள் மெய்யாகும் என்பதை இளைஞராகிய டிரிச்லே 1829ல் நிறுவினார். அடுத்த ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் பூரியர் பாரிஸில் உயிர் நீத்தார்.

வெப்பத்திற்கெழுந்த அலைக்கணிதம் படத்திற்கு உதவியது எங்ஙனமெனின் கூறுதும். பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது என்பார் இருவருடன் கூடி, 1974ல் அதன் கிளையாகிய கொசைன் உருமாற்றம் ஒன்றை வெளியிட்டார். டி.வி.டி.யில் வழங்கும் எம்பெக்-2 முறை, படத்தை 64 புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 64 அலை வடிவங்களின் கூட்டாகக் காண்கின்றது. மெல்ல மாறும் அலைகளே உருவத்தைத் தாங்குவன. விரைந்து மாறும் நுண்ணலைகள் குறைந்தால் கண் எளிதில் உணராது. ஆதலின் அவற்றை மழுக்கியும், முன்படத்தினின்று மாறாத பகுதியைத் திரும்ப எழுதாதும் இடம் மிச்சப்படுத்துகின்றனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். இரண்டு மணி நேரப் படத்திற்கு, ஒலியும் உட்பட, விநாடிக்கு 52 லட்சம் பிட்டு கிடைக்கும். மூன்று மணிக்கோ 35 லட்சமே. அளவு மிகக் குறையின், சதுரங்கள் கட்டங்கட்டமாய்க் கண்ணிற்படும். ஆகவே அறிந்தோர் படம் முழுவதையும் கணினியால் முதலில் ஒருமுறை ஆராய்வித்து, அசைவு மிக்க காட்சிக்கு மிகுதியும், அமைதியான காட்சிக்குக் குறைவுமாகப் பங்கிட்டு, மறுமுறையில் எழுதுவிப்பர். அதுவும் போதாதாயின் 850 கோடி பைட்டுக் கொள்ளும் ஈரடுக்குத் தட்டை நாடுவர். ஒன்றும் இழவாது சுருக்கினோம் என்பார் மெய்யுரைத்தாரல்லர். இழக்கத்தக்கது இன்னதென்றறிந்து இழப்பதே திறமை.

பெரியோர் மறுத்தபோதும் தாம் கண்ட உண்மையைக் கைவிடாது பதினைந்தாண்டு காத்து நூலாக்கியவர் பூரியர். அவர் காணாத தட்டிலும் திரையிலும் அவர் உழைப்பு பயன்படுகின்றது. மாணாக்கராகிய நாம், உடனே பயன் காணாத கல்வியை வீணென்று இகழாதிருப்போமாக.